விருந்தாளியை உள்ளே விட்ட மலை



சென்ற இதழின் மலையேற்றக் கட்டுரைக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. அவற்றில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியது எங்கள் அலுவலகத்தில் மேசைக்கு மேசை கைமாறியது. "நீங்கள் எழுதுவதெல்லாம் முதுகில் பை, கையில் கம்பு, காலில் விலை உயர்ந்த ஷூ என்றே இருக்கிறது. முட்டி தேய்ந்தவர்களுக்கு என்று ஒரு மலை கிடையாதா?" என்று கேட்டிருந்தார். முதலில் சிரித்தோம், பிறகு யோசித்தோம். மலை என்றதும் உயரம் என்ன என்று கேட்கிறோம், எத்தனை மணி நேரத்தில் ஏறினாய் என்று கேட்கிறோம். அந்த மலை யார் யாரையெல்லாம் ஏற விடுகிறது என்று கேட்கத் தோன்றுவதில்லை. அந்த அம்மாவுக்கான பதிலாக, ஜப்பானில் இருக்கும் ஒரு குட்டி மலையைப் பற்றி இந்த மாதம் எழுதுகிறேன்.

ட்சுகுபா என்று பெயர். டோக்கியோவின் மையத்திலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். உயரம் வெறும் 877 மீட்டர்தான். ஆனால் அது நிற்கும் இடம் அப்படி! ஜப்பானின் மிகப் பெரிய சமவெளியான கான்டோவின் விளிம்பில், நெல்வயல்களுக்கு நடுவே சட்டென்று எழும்பி நிற்கிறது. ஒரு தாழ்ந்த மலைத்தொடரின் தென்கோடி முனை அது. டோக்கியோ பக்கத்திலிருந்து பார்த்தால் பின்னால் இருக்கும் தொடர் கண்ணுக்கே படாது. மலை தன்னந்தனியாக நிற்பதுபோல் இருக்கும். உச்சியில் இரண்டு கொம்புகள். மேற்கே இருப்பது நந்தாய், ஆண் மலை, 871 மீட்டர். கிழக்கே இருப்பது நியோத்தாய், பெண் மலை, 877 மீட்டர். ஜப்பானியத் தீவுகளைப் படைத்த ஆதித் தம்பதி இசானகி, இசானமி இருவரும் ஆளுக்கொரு சிகரத்தில் குடியிருக்கிறார்கள். மனைவியின் வீடுதான் ஆறு மீட்டர் கூடுதல் உயரம். அங்கே யாரும் அதைப் பெரிதாகச் சொல்லிக் காட்டுவதில்லை. நான்தான் என் மனைவிக்கு உடனே தகவல் அனுப்பினேன்.

மலையேறிகளுக்கு இந்த மலையை வேறொரு காரணத்துக்காகத் தெரியும். ஃபுகாதா க்யூயா என்ற எழுத்தாளர் 1964இல் ஜப்பானின் நூறு சிறந்த மலைகளைத் தேர்ந்தெடுத்து ஒரு புத்தகம் எழுதினார். அந்த நூறையும் ஏறி முடிப்பதை வாழ்நாள் வேலையாக வைத்திருக்கும் ஜப்பானியர்கள் ஏராளம். தேர்வுக்கு அவர் வைத்துக்கொண்ட அளவுகோல் கறாரானது: மலைக்கு ஒரு மிடுக்கு வேண்டும், வரலாறு வேண்டும், வேறெதிலும் இல்லாத தனித்தன்மை வேண்டும். இவற்றோடு 1,500 மீட்டருக்கு மேல் உயரமும் வேண்டும். கடைசி விதியை அவரே இரண்டு மலைகளுக்காகத் தளர்த்தினார். ஒன்று தெற்கே க்யூஷூ தீவில் கடலோரம் நிற்கும் கைமோன். மற்றது ட்சுகுபா. நூறு மலைகளிலும் இதுதான் குட்டை. வரலாற்றின் பலத்தில் உள்ளே வந்தது. மலைகளுக்கு இடஒதுக்கீடு கொடுத்த முதல் ஆள் ஃபுகாதாவாகத்தான் இருப்பார் என்று எங்கள் உதவி ஆசிரியர் சொன்னார்.

அந்த வரலாறு ஒரு கதையில் தொடங்குகிறது. 713ஆம் ஆண்டு ஜப்பானிய அரசவை, ஒவ்வொரு மாகாணமும் தன் மண்வளம், ஊர்ப்பெயர், பழங்கதை எல்லாவற்றையும் எழுதி அனுப்ப வேண்டும் என்று ஆணையிட்டது. அப்படித் தொகுக்கப்பட்டதுதான் 'ஹிதாச்சி ஃபுதோகி'. ட்சுகுபா இருக்கும் பகுதியின் பழைய பெயர் ஹிதாச்சி.

கதை இது. தெய்வங்களுக்கெல்லாம் முன்னோரான ஒரு பெரிய தெய்வம், பிள்ளைகளைப் பார்த்து வரலாம் என்று ஊர் ஊராகக் கிளம்பியது. ஃபுஜி மலைக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. "இன்று இரவு இங்கே தங்கிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டது. ஃபுஜியின் தெய்வம் வாசலிலேயே நிறுத்தியது. "இன்று புதுத்தினை படைக்கும் நாள், வீட்டில் விரதம், வெளியாரை உள்ளே விடுவதற்கில்லை" என்றது. பெற்றவர் வெளியாராம்! முதிய தெய்வம் அழுதுகொண்டே சாபமிட்டது: "நீ இருக்கும்வரை கோடையிலும் குளிரிலும் உன் தலையில் பனி விழட்டும். உன்னிடம் மனிதர் ஏறி வராமல் போகட்டும். உனக்குச் சோறு படைக்க ஆள் இல்லாமல் போகட்டும்." பிறகு ட்சுகுபாவுக்கு வந்தது. இங்கேயும் அதே நாள், அதே விரதம். ஆனால் ட்சுகுபாவின் தெய்வம், "விரதம்தான், இருந்தாலும் உங்களை எப்படி வேண்டாம் என்பது?" என்று உள்ளே அழைத்துச் சோறும் மதுவும் வைத்து உபசரித்தது. முதியவர் மனம் குளிர்ந்து வாழ்த்தினார்: உன்னிடம் மக்கள் கூடிக்கொண்டே இருப்பார்கள், உண்டிக்கும் பானத்துக்கும் குறைவிருக்காது, தலைமுறை தலைமுறையாக இது தொடரும். அதனால்தான் ஃபுஜியில் எப்போதும் பனி கிடக்கிறது, ட்சுகுபாவில் எப்போதும் ஆடலும் பாடலும் நடக்கிறது என்று ஃபுதோகி கதையை முடிக்கிறது.

ஹிதாச்சிக்காரர்கள் எழுதிய கதை, அதனால் தங்கள் மலைக்குச் சாதகமாகத்தான் இருக்கும் என்பது வேறு விஷயம். சாபமும் பாதிதான் பலித்திருக்கிறது. பனி விழுகிறது, சரி. ஆள் ஏறாமல் போகட்டும் என்றாரே, அது எங்கே நடந்தது? கூட்டம் தாங்காமல் 2024இல் யமனாஷி மாநிலப் பக்கத்துப் பாதையில் கதவு போட்டு, ஆளுக்கு 2,000 யென் வசூலித்து, ஒரு நாளைக்கு 4,000 பேருக்கு மேல் விடுவதில்லை என்று வரம்பு வைக்க வேண்டியதாயிற்று. மறுபடியும் ஃபுஜி வாசலில் ஆளை நிறுத்துகிறது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

ட்சுகுபாவின் வாழ்த்து முழுசாகப் பலித்தது. அதே ஃபுதோகி இன்னொரு காட்சியையும் பதிவு செய்திருக்கிறது. ஆண் சிகரம் செங்குத்தானது, அங்கே யாரையும் ஏற விடுவதில்லை. பெண் சிகரமும் பாறைதான், ஆனால் ஏறுவோரும் இறங்குவோரும் ஓய்வதே இல்லை என்கிறது. வசந்தத்தில் பூ மலரும்போதும் இலையுதிர்காலத்தில் இலை சிவக்கும்போதும் கிழக்கு மாகாணங்களிலிருந்தெல்லாம் ஆண்களும் பெண்களும் சோற்று மூட்டையோடு வருவார்கள். சிலர் குதிரையில் வருவார்கள், பலர் நடந்து வருவார்கள். மலையில் எதிரெதிராக உட்கார்ந்து பாட்டுக்குப் பாட்டு பாடித் துணை தேடுவார்கள். அந்தக் கூடலில் யாரிடமிருந்தும் பரிசு வாங்காமல் திரும்பும் பிள்ளையைப் பெற்றோர் பிள்ளையாகவே கணக்கில் வைப்பதில்லை என்று அந்த வட்டாரத்தில் ஒரு வழக்கும் இருந்ததாம். பழங்கவிதைத் தொகுப்பான மன்யோஷூவில் ட்சுகுபாவைப் பற்றி ஏறத்தாழ 25 கவிதைகள் இருப்பதாகச் சொல்வார்கள். அன்றைய ஜப்பானின் தலைநகரம் இங்கிருந்து வெகுதூரத்தில், நாராவில் இருந்தது. இந்தக் கோடியில் கிடந்த ஒரு சின்ன மலைக்கு அத்தனை பாட்டு எப்படி வந்தது என்பதற்கு அந்தக் கூடல்கள்தான் விடை. மனிதர் போகாத மலையைப் பற்றி எத்தனை காதல் பாட்டு எழுத முடியும்?

மாநகரம் இந்த மலைக்குப் பக்கத்தில் வந்ததெல்லாம் பின்னால்தான். தொகுகாவா இயேயாசு என்ற தளபதி 1590இல் எதோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், கால் வைத்தபோது அது சதுப்புநிலத்தை ஒட்டிய சிறிய கோட்டை ஊர். வடகிழக்கு கெட்ட சக்திகள் நுழையும் திசை என்பது சீனம் வழியாக வந்த நம்பிக்கை. எதோ கோட்டையிலிருந்து ஏறத்தாழ அந்தத் திசையில்தான் ட்சுகுபா இருந்தது. இயேயாசு அங்கிருந்த சூசென்ஜி ஆலயத்தைத் தன் குடும்பத்தின் வழிபாட்டு இடங்களில் ஒன்றாக்கிக்கொண்டார். பேரன் இயெமிட்சு காலத்தில் கட்டுமானப் பொருள்களை ஏற்றிச் செல்ல ஹோஜோ என்ற கிராமத்திலிருந்து ஒரு பாதை போட்டார்கள். அதுவே யாத்திரைப் பாதையாயிற்று. இன்றும் அந்த வழியாக நடந்து ஏறலாம். பழைய வீடுகளுக்கு நடுவே படிகள் நேரே மலையைப் பார்த்துப் போகின்றன. நகரத்து மக்களுக்கு மேற்கே ஃபுஜி, கிழக்கே ட்சுகுபா. ஓவியர் ஹிரோஷிகே 1856 முதல் வரைந்த எதோ நகரக் காட்சி ஓவியங்களில் சுமிதா ஆற்றங்கரைக்கு அப்பால் இரட்டைக் கொம்போடு தெரிவது இந்த மலைதான்.

இப்போது போவது மிகச் சுலபம். டோக்கியோவில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் பெயர்போன அகிஹபாராவில் ரயில் ஏறினால் 45 நிமிடத்தில் ட்சுகுபா நகரம். 2005இல் வந்த பாதை அது. அங்கிருந்து மலைக்குப் பேருந்து. நான் போனபோது, அந்த நகரத்தில் ஆய்வு வேலையில் இருக்கும் என் அக்கா மகன் கூட வந்தான். அந்த நகரமே ஆய்வுக்காகக் கட்டப்பட்டதுதான். 1963இல் அரசு முடிவெடுத்து, டோக்கியோவிலிருந்து ஆராய்ச்சி நிறுவனங்களைப் பெயர்த்துக்கொண்டு வந்து நிறுத்தியது. மலைக்கும் அறிவியலுக்கும் பழக்கம் அதற்கும் முந்தையது. ஆண் சிகரத்தின் உச்சியில் 1902இலேயே ஒரு வானிலை நிலையம் அமைந்தது. அரச குடும்பத்து இளவரசர் ஒருவரின் ஆர்வம்.

பேருந்து ஜன்னல் வழியே மேற்குச் சரிவில் ஆரஞ்சுத் தோட்டங்களைக் காட்டினான் மருமகன். குளிர்கால இரவுகளில் குளிர்ந்த காற்று கனத்துச் சமவெளியில் படிந்துவிடும். மலையின் இடுப்பு உயரத்தில் மட்டும் ஒரு வெதுவெதுப்பான பட்டை நிற்கும். அந்தப் பட்டையில்தான் இங்கே ஆரஞ்சு விளைகிறது. நெல்லிக்காயைவிடச் சற்றுப் பெரிய ஃபுகுரே என்ற ஒரு நாட்டு வகையும் உண்டு. தோலைக் காயவைத்து ஏழு மசாலாப் பொடியில் சேர்க்கிறார்கள். மணம் அபாரம்.

ட்சுகுபா ஆலயம் ஏறத்தாழ 270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நீங்கள் பார்க்கும் பெரிய கட்டடம் கருவறை அன்று, தொழும் மண்டபம். கருவறைகள் மேலே, இரண்டு சிகரங்களிலும் சின்னச் சின்னதாக இருக்கின்றன. அதாவது, மலைதான் தெய்வம். ஏற முடியாதவர்கள் இங்கே நின்று மலையைப் பார்த்துத் தொழுதாலே யாத்திரை நிறைவுதான். முட்டிக்கான ஏற்பாடு பல நூற்றாண்டு பழையது என்பதைக் கடிதம் எழுதிய ஆசிரியையின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

ஏறுகிறவர்களுக்கு அங்கிருந்து இரண்டு முக்கிய வழிகள். ஒன்று தேவதாரு மரங்களுக்கு நடுவே, வேர்களில் கால் வைத்துச் செங்குத்தாகப் போவது. ஒன்றரை மணி நேரம் ஆகும். வழியில் மினா ஆற்றின் ஊற்று உண்டு. ஆணும் பெண்ணும் என்று பொருள்படும்படிதான் அதன் பெயரை எழுதுகிறார்கள். நூறு கவிஞர்களின் நூறு பாட்டு என்று ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் தொகுப்பில், யோசெய் என்ற அரசர் தன் காதலை இந்தச் சிற்றோடையோடு சேர்த்துப் பாடியிருக்கிறார்.

இன்னொரு வழி நீளம், ஆனால் எனக்கு அதுதான் பிடித்தது. பெண் சிகரத்துக்குப் போகும் அந்தப் பாதையில் பாறைகள் ஒவ்வொன்றுக்கும் கதை. தலைக்கு மேல் இரு பாறைகளுக்கு இடையே ஒரு பெரும்பாறை, இதோ விழப்போகிறேன் என்று செருகிக்கொண்டு நிற்கிறது. 12ஆம் நூற்றாண்டின் மாவீரத் துறவி பெங்கெய்யே அதன் அடியில் நுழையப் பயந்து ஏழு முறை பின்வாங்கினாராம். சற்று மேலே கருப்பை என்று பெயர் பெற்ற ஓர் இடுக்கு. உடலைக் குறுக்கி அதில் நுழைந்து வெளியே வந்தால் புதுப் பிறவி. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இடுக்குப் பிள்ளையாருக்குள் புகுந்து வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்ளே எந்தத் தோளை முதலில் விட வேண்டும் என்று பின்னால் நிற்பவர் சொல்லிக் கொடுப்பதுகூட இரண்டு ஊரிலும் ஒன்றுதான்! இந்தப் பாறைகளெல்லாம் எரிமலை கக்கியவை அல்ல. பூமிக்குள் பல கோடி ஆண்டுகளுக்கு முன் மெல்ல இறுகிய கப்ரோ என்ற கருங்கல். சுற்றியிருந்தவை கரைந்துபோக, இந்தக் கடினக் கல் தொப்பியாக மேலே நின்றதால்தான் மலை மிஞ்சியது.

வழியெல்லாம் ஆட்கள். பள்ளிச் சுற்றுலாவுக்கு வந்த பொடிசுகள், எதிரே வரும் ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு போகின்றன. பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு மூச்சு வாங்கியது. "மாமா, அவங்களுக்கு டீச்சர் சொல்லிக்குடுத்து அனுப்பியிருக்காங்க. நீங்க தலையை ஆட்டினா போதும்" என்றான் மருமகன். நூறு மலைக் கணக்கை முடிக்க வந்தவர், முதல் சந்திப்புக்கு வந்த ஜோடி, மணியாட்டிக்கொண்டு வெள்ளை உடையில் வந்த பக்தர் எல்லோரும் ஒரே படியில் ஒதுங்கி வழிவிட்டுக்கொள்கிறார்கள். யார் நடைப்பயணி, யார் யாத்ரீகர் என்று பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. டைட்ஸும் விலை உயர்ந்த ஷூவுமாக ஓட்டமாய் ஏறி வந்த இளைஞர், உச்சிக் கோயிலின் முன் நின்று காசு போட்டு, இரண்டு முறை வணங்கி, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை வணங்கிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டார்.

ஏறாமல் வந்தவர்களும் மேலே இருந்தார்கள். 1925இல் கேபிள் கார் வந்துவிட்டது. எட்டு நிமிடத்தில் இரு சிகரங்களுக்கும் இடையே உள்ள மேட்டில் இறக்கிவிடும். போர்க்காலத்தில் இரும்புக்காக அதைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்; 1954இல் மறுபடி ஓட்டினார்கள். 1965இல் மற்றொரு பக்கத்திலிருந்து ரோப்கார். அந்த மேட்டில் நூடுல்ஸ் கடை, பொம்மைக் கடை, ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. இரைச்சல்தான், மறைக்கவில்லை. அமைதி தேடிப் போகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அவர்கள் பக்கம் சேர மனம் வரவில்லை. பழனியில் இழுவை ரயிலில் போகிறவருக்கு முருகன் பாதித் தரிசனமா தருகிறார்? கேபிள் காரிலிருந்து இறங்கிய ஒரு மூதாட்டி, மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆண் சிகரத்துக்கான கடைசிப் பாறைகளை ஒவ்வொன்றாகக் கடந்தார். கீழிருந்து நடந்து வந்த நாங்கள் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றோம்.

இந்த மலையின் வரலாற்றில் விருந்தோம்பல் ஒரு முறை பொய்த்தும் இருக்கிறது. தொகுஇட்சு என்ற புத்தத் துறவி 782இல் சூசென்ஜியை நிறுவியதாக மரபு. அதன் பிறகு ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக ஷின்டோ தெய்வங்களும் புத்தரும் இங்கே ஒரே வளாகத்தில் இருந்தார்கள். யாருக்கும் உறுத்தவில்லை. 1868இல் புதிய மெய்ஜி அரசு, தெய்வங்களையும் புத்தரையும் பிரித்து வைக்க ஆணையிட்டது. அதைத் தொடர்ந்த கலவரத்தில் சூசென்ஜி அழிந்தது. 1875இல் அதன் பெரிய மண்டபம் நின்ற இடத்தில்தான் இன்றைய ஷின்டோ தொழும் மண்டபம் எழுந்தது. ஆயிரம் கைக் கன்னோன் சிலை தப்பியது. பக்கத்தில் ஓமிதோ என்ற சிறிய ஆலயத்தில் இப்போது இருக்கிறது. கான்டோ பகுதியின் 33 கன்னோன் தலங்களைச் சுற்றும் யாத்திரையில் அது 25ஆவது தலம். பெரிய கோயிலுக்கு வந்த கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட அங்கே திரும்புவதில்லை. நீங்கள் போனால் திரும்புங்கள்.

நமக்கு அங்கே ஒரு சொந்தமும் உண்டு. கன்னோன் என்பது அவலோகிதேசுவரர். அவர் வாழும் பொதலக மலை தென்னாட்டில் மலைய மலைக்குப் பக்கத்தில் இருப்பதாக 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் எழுதிவைத்தார். அது நம் பொதிகைதான் என்று விரிவாக வாதாடியவர், தமிழ் கற்று ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் ஷூ ஹிகோசாகா. எல்லோரும் ஏற்றுக்கொண்ட முடிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சின்ன ஆலயத்தில் ஊதுவத்தி ஏற்றும்போது அகத்தியர் நினைவு வராமல் இல்லை.

தேரைத் தைலத்தைச் சொல்லாமல் விட்டால் ட்சுகுபாக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1614-15இல் நடந்த ஒசாகா போரில் சூசென்ஜித் துறவி ஒருவர் காயங்களுக்கு இந்தத் தைலத்தைப் போட்டாராம், புகழ் பரவியதாம். தைலத்தைவிடப் புகழ் பெற்றது அதை விற்கும் பேச்சு. சாமுராய் வேடத்தில் ஒருவர் வாளோடு நிற்பார். முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் ஆறு விரல் உள்ள அபூர்வத் தேரை இந்த மலையில் மட்டுமே உண்டு என்பார். கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டால் தன் முகத்தைத் தானே பார்த்துத் திடுக்கிட்டு அதற்கு வியர்க்குமாம். அந்த வியர்வையை 21 நாள் காய்ச்சினால் தைலம். வாளின் கூர்மையைக் காட்டத் தாளை இரண்டாக, நான்காக, எட்டாக வெட்டி, பனிபோலத் தூவிவிடுவார். பிறகு கையைக் கீறிக்கொண்டு தைலம் தடவுவார், ரத்தம் நிற்கும். சரியான லேகியக்காரர்! இப்போது அந்தப் பேச்சை மலையின் பாரம்பரியக் கலையாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். மேலே தேரை வடிவப் பாறை ஒன்றும் உண்டு. அதன் வாய்க்குள் கல்லெறிந்து விழச்செய்தால் பதவி உயர்வு நிச்சயம் என்கிறார்கள். மருமகன் எறிந்த கல் உள்ளே போயிற்று, என்னுடையது போகவில்லை. ஆசிரியர் பதவிக்கு மேலே இங்கே வேறு பதவி இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பிப்ரவரி, மார்ச்சில் சரிவில் பிளம் தோப்பு பூக்கும். நவம்பரில் இலை சிவக்கும். அப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், கீழே கார்கள் நகராது. ஏப்ரல் 1, நவம்பர் 1 இரண்டு நாளும் தெய்வங்களுக்கு உடை மாற்றும் திருவிழா. புது உடையைச் சிகரங்களுக்குக் கொண்டுபோய் வைத்து, பழையதை ஊர்வலமாகக் கீழே எடுத்து வருவார்கள். கப்ரோ கல் ஈரத்தில் வழுக்கும். ஏறுவதைவிட இறங்குவதில்தான் முட்டி பேசும், ஆகவே ஏறிப்போய் கேபிள் காரில் இறங்குவதே புத்திசாலித்தனம்.

அடுத்த இதழின் நடுப்பக்கங்களை உங்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம். உங்கள் நகரத்தின் ஓரத்தில் நிற்கும் மலையைப் பற்றி எழுதுங்கள், குன்றாக இருந்தாலும் சரி. உயரமும் ஏறிய நேரமும் வேண்டாம். அங்கே எந்த நாளில் யார் யார் வருகிறார்கள், அடிவாரத்தில் என்ன விற்கிறது, உங்கள் பாட்டி எந்தப் படிவரை ஏறினார், அங்கே உட்கார்ந்து என்ன சொன்னார் என்று எழுதி அனுப்புங்கள். கையெழுத்துப் பிரதியும் பரவாயில்லை. இருபதாம் தேதிக்குள் வந்து சேர்ந்தால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்